மடிப்பக்காவின் மூன்று நாள் கடல்

முன் இருக்கைக்காரர் கம்பியில் தொங்கப் போட்டிருந்த துண்டை எடுத்து, ஒரு தடவை உதறி, நீளவாக்கில் ஒன்று, குறுக்கே இரண்டு என்று மடித்து, விளிம்பை நகத்தால் நீவிவிட்டு, அவர் தோளில் வைத்தாள் மடிப்பக்கா. அந்த மனிதர் நல்ல தூக்கத்தில் இருந்தார். பேருந்து ஒரு பள்ளத்தில் குதித்தபோது விழித்தவர், அது தன் துண்டுதானா என்று இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார்.

"அடுத்து டிரைவர் சட்டையாக்கா?" என்றாள் பின்னாலிருந்து இஸ்திரிக்காரி.

"அது கசங்கிக் கிடக்கு. அது உன் வேலை. என் கிட்ட வராத," என்றாள் மடிப்பக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவள் வேலை மடிப்பது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டில் இருக்கும் சலவைக்கூடத்தில், காலையில் நுழைந்தால் மாலைவரை படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். நோயாளி படுத்தது, பிள்ளை பெற்றவள் படுத்தது, போய்ச் சேர்ந்தவரை மூடியது, எல்லாம் வெந்நீரில் ஒன்றாகக் குளித்து, ஒன்றாக உலர்ந்து அவள் மேஜைக்கு வரும். அவள் கையை விட்டுப் போகும்போது எந்த விரிப்பு யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. இருக்கட்டுமே, என்ன குறைந்துவிட்டது? கர்வப்படத் தகுந்த வேலைதான்.

கை அதையே செய்து செய்து, வேலை இல்லாத நேரத்திலும் நிற்பதில்லை. பேருந்துச் சீட்டை மடிப்பாள். தேநீர்க் கடையில் கொடுக்கும் காகிதத்தை மடிப்பாள். வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றினால், அது தரையைத் தொடுவதற்குள் அலமாரியில் இருக்கும். "ஒருநாள் அசந்து தூங்கினா என்னையும் நாலா மடிச்சு மேல் தட்டுல வெச்சிருவா," என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். ஆளை எடைபோடுவதும் அப்படித்தான். கைக்குட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணிப்பவனை அவள் நம்பமாட்டாள். அவள் தம்பிக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம் இதனாலேயே தட்டிப்போனது என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். பெண் வீட்டார்தான் வேண்டாம் என்றார்கள்.

பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. எதிரே ஒருத்தி வேண்டும். பத்தொன்பது வருஷமாக அந்த எதிரே நிற்பவள் ஒரே ஆள்தான். அதனால் கூடத்தில் அவளுக்குப் பெயரே எதிர்க்கை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, நடந்து வந்து நடுவில் சந்திப்பார்கள். முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம். அப்போது மடிப்பக்கா, "விடு," என்பாள். எதிர்க்கை தன் முனைகளை அவள் விரல்களுக்குள் விட்டுவிட்டு, குனிந்து கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பாள். மறுபடி வருவாள். மறுபடி, "விடு."

சொல்லுக்கு முன் விட்டால் துணி தரையில் விழும். தரையில் விழுந்தால் மறுபடி சலவை. சொன்ன பிறகு விடாமல் பிடித்திருந்தால் மடிப்பு கோணும். அதனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் எதிர்க்கையின் விரல்கள் தாமாகத் திறக்கும். இயந்திரங்கள் போடும் இரைச்சலில் அங்கே வேறு பேச்சே எடுபடாது. ஒரு நாளைக்கு அறுநூறு தடவை, பத்தொன்பது வருஷம், இருவருக்கும் நடுவில் ஓடியது அந்த ஒரு சொல்தான்.

பாய்லர் பழுதாகி, கூடத்தை மூன்று நாள் மூடினார்கள். வெயில் முற்றாத இளவேனில் காலம். "வீட்ல உக்காந்தா வீட்டு வேலை செய்யச் சொல்லுவாங்க. கடலுக்குப் போயிருவோம்," என்று கிளப்பிவிட்டவள் இஸ்திரிக்காரி. கிழிந்த விரிப்புகளைத் தைக்கிறவளும் வந்தாள். கிழிசலைத் தைப்பதால் அவளுக்குக் கிழிசல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆக நான்கு பேர், நான்கு பைகள், ஒரு கூடை அவித்த முட்டை. நான்கு பேரில் ஒருத்திகூட அதற்கு முன் கடலோரம் ஒரு இரவு தங்கியதில்லை.

பேருந்து புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் எதிர்க்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த ஆம்புலன்ஸ்காரர் கேட்டுட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"என்னக் கட்டிக்கிறியான்னு."

எதிர்க்கைக்கு நாற்பத்தெட்டு வயது. கணவர் போய்ப் பன்னிரண்டு வருஷம். ஆம்புலன்ஸ்காரர் முப்பது வருஷம் வண்டி ஓட்டி, அந்த மாதத்தோடு ஓய்வு பெற்று, மலைப்பக்கம் இருக்கும் தன் சொந்த ஊருக்குப் போகிறவர். அவரைக் கட்டிக்கொண்டால் அவளும் போகவேண்டும்.

"முப்பது வருஷம் சைரன் போட்டுப் பறந்த மனுஷன், இதக் கேக்க மூணு வருஷம் எடுத்துக்கிட்டாரு," என்று எதிர்க்கை சிரித்தாள். "பொண்ணு கிட்டச் சொல்லிட்டேன். சரிம்மான்னுட்டா. உங்ககிட்டதான் இன்னும் கேக்கல. ஊருக்குத் திரும்புறதுக்குள்ள பதில் சொல்றேன்னிருக்கேன்."

"அங்க பாரு," என்றாள் மடிப்பக்கா, ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டி. "கடல் தெரியுது."

கடல் தெரியவில்லை. அது ஒரு தகரக் கூரை. அடுத்த வளைவில்தான் உண்மையில் கடல் வந்தது.

வாடகைக்கு எடுத்த வீடு இரண்டே அறை. வாசலைத் தாண்டினால் மணல். வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, "அலை உள்வாங்குற நேரம் பாத்து நடங்க, நெறைய பாக்கலாம்," என்று சொல்லிப் போனாள். வந்த இரவு படுத்துத் தூங்கி, விடுமுறையின் முதல் நாள் விடியலில் நால்வரும் எழுந்து வெளியே வந்தபோது கடலும் வானமும் ஒட்டிக்கொண்டிருந்தன. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மெல்லிய மூட்டம். அதற்குள்ளிருந்து நுரை மட்டும் வந்து வந்து போனது. மடிப்பக்காதான் முதலில் பேசினாள்.

"உதறிக்கிட்டே இருக்கு பாருடி. மடிக்கத்தான் ஆளில்ல."

அந்தக் கரையில் இருந்த எதற்கும் அவர்களுக்குப் பெயர் தெரியாது. அதனால் நால்வரும் தங்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பெயர் சூட்டிக்கொண்டே நடந்தார்கள். அலை வந்தால் ஓடி, அலை போனால் துரத்தும் குட்டைக்கால் பறவைக் கூட்டத்துக்கு மடிப்பக்கா வைத்த பெயர் வார்டுக்காரங்க. "பெரிய டாக்டர் வர்றப்ப நம்ம ஆளுங்க ஓடுற ஓட்டமேதான்." பாறைக் குழிக்குள் பூப்போல விரிந்திருந்த ஒன்றை இஸ்திரிக்காரி விரலால் தொட்டாள். அது சட்டென்று சுருங்கி உள்ளே போனது. "ஹெட் நர்ஸ்," என்றாள். ஈர மணலில் கடுகளவு நண்டுகள் தோண்டித் தோண்டிச் சின்னச் சின்ன உருண்டைகளாக வெளியே தள்ளி, ஒவ்வொரு வளையைச் சுற்றியும் கதிர் கதிராக அடுக்கிவைத்திருந்தன. கிழிசல் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "யாரோ பொத்தான் டப்பாவக் கவுத்துட்டாங்க," என்று கிசுகிசுத்தாள். சத்தம் கேட்டால் கலைந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். மேட்டில் படர்ந்திருந்த கொடியில் ஊதாப் பூக்கள் அந்த வாரம்தான் திறந்திருந்தன போலும், கரை நெடுக அதே ஊதா. ஆஸ்பத்திரிச் சுவர்கள் எல்லாம் வெளிர்ப் பச்சை. இவர்கள் கண்களுக்கு அந்த நிறம் பழகவே அரைநாள் பிடித்தது.

எதிர்க்கை மட்டும் பெயர் வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு உதட்டை மெல்ல அசைத்தாள், கடைக்குப் போகிறவள் வாங்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பதுபோல.

அவள் பேச்சை எடுத்தபோதெல்லாம் மடிப்பக்கா எதையாவது கண்டுபிடித்தாள். "அக்கா, அவரு வீட்டுல முன்னாடி தோட்டம் இருக்காம்," என்றால், "அந்த நண்டப் பாரு, ஒரு கை பெருசு, ஒரு கை சிறுசு." "அக்கா, ஊரு ரொம்பக் குளிராம்," என்றால், "நத்தைக்குக் குளிருமாடி?" இப்படியே அந்தக் கரையில் அவள் பார்த்தது மற்ற மூவரும் பார்த்ததைவிட அதிகம்.

அன்று மத்தியானம் நீர் இறங்கிய மணலில் அவள் ஒரு காலரைக் கண்டெடுத்தாள். சட்டைக் காலரேதான். கஞ்சி போட்டதுபோல விறைப்பு, வட்டமாக வளைந்து, ஒரு பக்கம் திறந்து. கையில் எடுத்தால் துணி இல்லை, மணல். மணலே துணியாக நெய்ததுபோல இருந்தது.

"எந்த மகராசன் சட்டையில இருந்து பிஞ்சதோ," என்றபடி, வழக்கம்போல அதை மடிக்கப் பார்த்தாள். ஓரம் பொடிந்து விரலில் உதிர்ந்தது.

அந்தப் பக்கமாக வந்த வீட்டுக்காரம்மா பதறிப்போனாள். "அய்யய்யோ, மடிக்காதீங்கம்மா! அது நத்தை முட்டை. தாய் நத்தை மணலக் குழைச்சு, முட்டைய உள்ள வெச்சு, தன்னைச் சுத்தி இப்படிக் கட்டும். உள்ள ஆயிரக்கணக்குல இருக்கும்."

மடிப்பக்கா கையை அப்படியே நீட்டியபடி நின்றாள். ஆயிரம் உயிர் உட்கார்ந்திருக்கும் கை. "இப்ப என்ன பண்றது?"

"ஈரம் காயறதுக்குள்ள தண்ணியில விட்டுருங்க. மிச்சம் பொழச்சுக்கும்."

இடுப்பளவு தண்ணீர்வரை போய், இரண்டு கையாலும் அதை மணலில் அமர்த்திவிட்டு வந்தாள். உடை முழுக்க நனைந்து, கரையில் உட்கார்ந்து வெகுநேரம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிக்காரிகூட அவளைக் கிண்டல் செய்யவில்லை. அதற்குப் பிறகு அவள் கை மணலில் எதையும் மடிக்கத் தேடவில்லை. சும்மா மடியில் கிடந்தது. வெயில் இதமாக இருந்தது. அலைச் சத்தத்தில் நால்வரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் மிதந்தார்கள். கூடத்து இயந்திரங்களின் உறுமல் காதில் வருஷக்கணக்காகக் குடியிருந்தது. அது அன்றைக்குத்தான் இறங்கிப் போனது. மாலையானது தெரியவில்லை. மறுநாள் விடிந்ததும் தெரியவில்லை.

இரண்டாம் நாள் பின்மதியம் காற்று எழுந்தது. மணலில் விரித்து உட்கார்ந்திருந்த பெரிய விரிப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பவேண்டும். மற்ற இருவரும் கூடையோடு முன்னால் போய்விட்டார்கள். மடிப்பக்கா இரண்டு முனை, எதிர்க்கை இரண்டு முனை. உதறினார்கள். காற்று விரிப்பைக் கப்பல் பாய்போல உப்பவைத்து இருவரையும் இழுத்தது. சிரித்துக்கொண்டே நடந்து வந்து நடுவில் சந்தித்தார்கள். முகத்துக்கு முகம் ஒரு சாண்.

"அக்கா," என்றாள் எதிர்க்கை. "நாளைக்குக் கிளம்புறோம். அவருக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"விடு," என்றாள் மடிப்பக்கா.

எதிர்க்கை விட்டாள்.

மடிப்பக்கா சொன்னது துணியை. காற்று ஒரு முனையைப் பிடுங்கப் பார்த்தது, அவள் கண் அந்த முனையில் இருந்தது, வாய் அறுநூறு தடவை சொல்வதை இன்னொரு தடவை சொன்னது. அவ்வளவுதான். இதில் யாரும் வேறு கதை கட்டவேண்டாம். எதிர்க்கை குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். விரிப்பு ஒழுங்காக மடிந்தது. இருவரும் காற்றுக்குத் தலை குனிந்து வீட்டுக்கு நடந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை, பாறைகளுக்கு நடுவே ஓடிவந்த ஒரு சிற்றோடை கடலில் சேரும் இடத்துக்கு நால்வரும் போனார்கள். கிழிசலும் இஸ்திரிக்காரியும் கிளிஞ்சல் பொறுக்கப் பிரிந்தார்கள். எதிர்க்கையின் கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"மணல் விழுந்துச்சா?" என்று கேட்டாள் மடிப்பக்கா.

"இல்லக்கா. காலையில மேட்டு மேல ஏறிப் போன் பண்ணேன். இங்க வேற எங்கயும் லைன் கிடைக்கல. வேண்டாம்னு சொல்லிட்டேன் அவருகிட்ட."

"யாரு சொல்லச் சொன்னா?"

"நீங்கதான். விடுன்னீங்களே நேத்து."



உள்ளதைச் சொல்லவேண்டும். அந்த நேரத்தில் அவள் மனசுக்குள் முதலில் வந்தது வருத்தம் இல்லை. வந்தது, கூடம் திறக்கப்போகும் அடுத்த திங்கள்கிழமை. மேஜையின் அந்தப் பக்கம் இதே கை, இதே முகம். வேறு யாரோ புதிதாக வந்து நின்று, முனையை முன்னாலேயே விட்டு, துணி தரையில் விழுந்து, இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கவேண்டிய அந்த நாள் வராது. ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்லவேண்டாம்.

பேசாமல்தான் இருந்தாள். ஓடை முனையில் வார்டுக்காரங்க நூற்றுக்கணக்கில் கூடியிருந்தன. நேற்றுவரை ஓடித் திரிந்தவை இன்று எல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்து, ஒற்றைக் காலில், ஒரே திசை பார்த்து நின்றன. இளவேனில் முடிவதற்குள் எங்கோ வடக்கே போய்விடுமாம், வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தாள். மடிப்பக்கா அவற்றைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது, அடியில் வெயில் வலைவலையாக ஆடிற்று. பேருந்துக்கு இன்னும் மூன்று மணி நேரம். மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்கு என்ன பெரிய காரியம்? பத்தொன்பது வருஷம் ஒரே வார்த்தையில் ஓட்டியவள்.

எதிர்க்கை உடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினாள். விரல் நீள மீன்கள் வந்து பாதத்தைச் சூழ்ந்தன. கொத்தின. அவள் "ஐயோ" என்று கத்தி, சிரித்து, காலை எடுத்து, மறுபடி வைத்தாள். வீங்கிய கண்ணோடு அந்தச் சிரிப்பு.

"கூசுதுக்கா. முள்ளு மாதிரியும் இல்ல, முத்தம் மாதிரியும் இல்ல. எப்படிச் சொல்றது இத?" சிரிப்பு மெல்ல அடங்கியது. "அவரு ஊர்ல கடலே கிடையாது. இது எல்லாத்தையும் போய் அவருகிட்டச் சொல்லணும்னு ரெண்டு நாளா மனசுல சேத்து வெச்சிட்டிருந்தேன். அந்த நண்டு, அந்தப் பூவு, உங்க காலர். இப்பவும் பாருங்க, பழக்கம். சேக்கறேன்."

மடிப்பக்கா செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினாள். மீன்கள் சிதறின.

"நான் துணியச் சொன்னேன்டி," என்றாள்.

"என்னது?"

"விடுன்னது துணிய. காத்துல முனை போயிரப் பாத்துச்சு. உன் விஷயத்துக்கு நான் பதிலே சொல்லல. சொல்லாமத்தான் மூணு நாளா நண்டு காட்டிக்கிட்டிருந்தேன்."

எதிர்க்கைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்போ இப்பச் சொல்லுங்க. போகட்டுமா?"

"நான் யாருடி சொல்றதுக்கு? உன் பொண்ணு சரின்னுட்டா. அந்த மனுஷன் மூணு வருஷம் காத்திருக்காரு. நீ மீன் கடிச்சதக்கூட அவருக்குன்னு எடுத்து வெக்கற. இதுல என்னைய நடுவுல வெச்சுக் கேக்கற!" கோபமாகத்தான் சொன்னாள். கண் வேறு எங்கோ இருந்தது. "நட."

"எங்க?"

"மேட்டுக்கு. லைன் கிடைக்கிற எடத்துக்கு."

"அக்கா, வேண்டாம்னு சொல்லி மூணு மணி நேரம்கூட ஆகல. மறுபடி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு…"

"இருக்கற மூஞ்சிய வெச்சுக்கிட்டு. ஆம்புலன்ஸ் ஓட்டினவரு. ஆள ஏத்தாமப் பாதி வழியில திரும்பி வர்ற வண்டி எத்தனை பாத்திருப்பாரு. மறுபடி கூப்பிட்டா மறுபடி போகமாட்டாரா?"

மணல் மேட்டில் கால் வைத்தால் ஒரு அடி ஏறி அரை அடி சறுக்கும். மடிப்பக்காவுக்கு முழங்கால் வலி. ஆஸ்பத்திரியில் வேலை, ஆனால் ஒரு டாக்டரிடமும் காட்டியதில்லை. ஒரு கையால் முழங்காலை அழுத்திக்கொண்டு, மறு கையால் எதிர்க்கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தபடி ஏறினாள். ஊதாக் கொடி காலில் சிக்கியது. நடுவில் ஒரு இடத்தில் இருவரும் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். கீழே தூரத்தில் கிழிசலும் இஸ்திரிக்காரியும் இரண்டு புள்ளிகளாகத் தெரிந்தார்கள். "எங்கக்கா போறீங்க?" என்று இஸ்திரிக்காரி கத்தியது பாதிதான் காற்றில் வந்தது. மடிப்பக்கா கையை மட்டும் ஆட்டினாள்.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. கடல் அங்கிருந்து மூன்று நிறமாகத் தெரிந்தது. எதிர்க்கை போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுத்தவில்லை.

"எதடி அழுத்தணும்?"

"மேல இருக்கிறதுதான். காலையில பேசினது."

மடிப்பக்கா கட்டைவிரலால் அழுத்தினாள். போனை எதிர்க்கையின் காதில் வைத்து, அவள் கையை எடுத்து அதன் மேல் பொருத்தினாள். அந்தப் பக்கம் மணி அடிப்பது இருவருக்கும் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. யாரோ எடுத்தார்கள்.

"நான்தான்," என்றாள் எதிர்க்கை. "காலையில சொன்னது…"

மடிப்பக்கா கடல் பக்கமாகத் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளாலும் தன் காதுகளை இறுக்கப் பொத்திக்கொண்டாள்.